மாலைக்குள் ஒரு முடி

பேச்சிமுத்துவுக்கு அந்த யோசனையைக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னால், இத்தனை நேரம் மறைத்து வைத்துக் கதை சொன்னான் பார் என்பீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. என் வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

என் பெயர் மருது. சமயநல்லூர் மெயின் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், தோட்டத்து மோட்டார் என்று எரிந்துபோனது எது வந்தாலும் பிரித்துப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். என் கடையின் பின்சுவரை ஒட்டித்தான் மைத்ரேயி மேடத்தின் பட்டறை. பேச்சிமுத்து அங்கே பாலீஷ் போடுகிறவன். எனக்கும் அவனுக்கும் சொந்தம் கிடையாது. ஆனாலும் ஐந்து வருடமாக ஒரே டீக்கடையில் நின்று குடித்ததில் மாப்ள முறை வந்துவிட்டது.

அங்கே நடக்கிற தொழிலைச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாற்றிக்கொண்ட மாலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பூ உதிராமல் காயவைத்து, ஒரு அச்சுக்குள் படுக்கவைத்து, ரெசின் என்கிற பிசினையும் அதை இறுகவைக்கிற ஹார்டனரையும் கலந்து தேன் பதத்தில் மேலே ஊற்றுவார்கள். இரண்டு மூன்று நாளில் அது கல்லாக இறுகிவிடும். உள்ளே மாலை கட்டின மாதிரியே கிடக்கும். முன்னெல்லாம் மாலையை ஆணியில் தொங்கவிட்டு, காய்ந்தபிறகு கால்படாத இடமாகப் பார்த்துக் கிணற்றிலோ ஆற்றிலோ போடுவோம். இப்போது ஷோகேஸில் வைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் கல்யாண மாலையை மண்டபத்து வாசலிலேயே ஆடு தின்றுவிட்டது.

அச்சிலிருந்து எடுத்தவுடன் அந்தக் கட்டியைப் பார்க்கச் சகிக்காது. ஓரமெல்லாம் பிசிராக இருக்கும், மேலே மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைக் கண்ணாடி ஆக்குவதுதான் பேச்சிமுத்துவின் வேலை. தண்ணீர் விட்டுக்கொண்டே வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான இருநூற்று இருபதாம் நம்பரில் ஆரம்பித்து நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐநூறு என்று மூவாயிரம் வரைக்கும் போகும். முதல் தேய்ப்பிலேயே கட்டி வெளுத்து, உள்ளே இருக்கும் பூவே தெரியாமல் போய்விடும். புதிதாகப் பார்க்கிறவன் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று தலையில் கைவைத்துவிடுவான். ஒரு நம்பர் போட்ட கீறலை அடுத்த நம்பர் முழுசாக எடுத்தாக வேண்டும். ஒரே ஒரு கீறல் மிச்சம் நின்றாலும் கடைசியில் பளபளப்பு வந்த பிறகு அது பல்லைக் காட்டும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான். எல்லா நம்பரும் முடிந்தபிறகு காம்பவுண்டு என்கிற பாலீஷ் பசையைத் தடவி, பஃபிங் மெஷினில் பஞ்சுச் சக்கரம் மாட்டி ஓட்டுவான். அதிலும் கொஞ்சம் அழுத்திவிட்டால் சூடேறி மேல்பரப்பு இளகி மங்கிவிடும். அந்த மெஷினுக்கு நாலு தடவை நான் காயில் கட்டியிருக்கிறேன், அதனால் எனக்கும் இதில் பாதி வேலை தெரியும்.

வேலை பார்க்கும் இடம்தான் கொடுமை. தூசி பறந்து பக்கத்து அறையில் ஊற்றிவைத்த ரெசினில் விழுந்துவிடக் கூடாது என்பதால் ஃபேன் போடக் கூடாது. ஷட்டரும் பாதிக்குமேல் இறங்கித்தான் இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை, தலையில் முடி விழாமல் ஒரு துணித்தொப்பி. டீ குடிக்க வெளியே வரும்போது அவன் முகத்தில் மாஸ்க்கின் கோடு சிவப்பாகப் பதிந்திருக்கும். ஜெயில்ல கூட மனு போட்டா வெளிய விடுவாங்க மாப்ள என்பேன். சிரிப்பான். சிரித்து முடித்துவிட்டு மறுபடி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போவான்.

அவன் அப்படி ஒரு இடத்தில் அடைந்துகிடக்கப் பிறந்தவன் இல்லை. அவன் அப்பா சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர். இவன் பதினேழு வயதில் மொசைக் தரைக்குப் பாலீஷ் போடக் கிளம்பினான். ஒரு வீட்டில் பத்து நாள், அடுத்த வாரம் வேறு ஊர் என்று அலைந்தவன். டைல்ஸ் வந்து அந்த வேலை நின்றபிறகு இங்கே வந்து உட்கார்ந்தான். போகிறேன் என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தான். ஓசூரில் கிரானைட் பட்டறையில் அவன் மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முதல் முறை மைத்ரேயி மேடம், அவர் வீடு பசுமலையில்தான், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி இவன் மகனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது முறை ஒன்றும் செய்யவில்லை. நீங்க போயிட்டா நான் கடையை மூடிடறேன் பேச்சிமுத்து என்று கண் கலங்கினார். கெட்டவர்களிடம் மாட்டினால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடலாம். நல்லவர்கள் பிடித்துவைத்தால் ஆளால் அசையவே முடியாது.

ஐந்து வருடம் குறையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கண் அப்படியே ஆகிவிட்டது. டீ கிளாஸைக் கையில் வாங்கினால் அடியில் இருக்கும் காற்றுக்குமிழிதான் அவனுக்கு முதலில் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்க்க மாட்டான், பெண் கழுத்து மாலையில் எறும்பு ஊர்கிறதா என்று பார்ப்பான். அதிலும் முடி என்றால் அவனுக்கு ஜென்மப் பகை. ஊற்றும்போது முடி விழுந்துவிட்டால் அந்தக் கட்டியே வீண். பளபளப்பு ஏற ஏற முடிதான் முதலில் கண்ணில் குத்தும் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான்.

போன வருடம் ஆவணியில் ஒரு பழைய கட்டி ரிப்பேருக்கு வந்தது. வேறு ஊரில் யாரோ செய்தது. கொண்டுவந்தவர் பாண்டிராஜ், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவருடைய மனைவி தமிழ்வாணி இறந்து மூன்று வருடம் தாண்டியிருந்தது. மனைவியின் போட்டோவுக்குப் பக்கத்தில் இந்தக் கல்யாண மாலைக் கட்டியையும் வைத்திருக்கிறார்கள். பாண்டிராஜின் அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வியாழக்கிழமை தவறாமல் குத்துவிளக்கோடு சேர்த்துப் பாத்திரம் விளக்கும் நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டி சிராய்த்துச் சிராய்த்து, சாணி மெழுகின தரையாக மங்கிப்போயிருந்தது.

பாண்டிராஜ் அதை மேடத்திடம் கொடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தால் போதும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேலே மட்டும் தேய்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். உள்ளே இருப்பதை ஒருவன் தொடுவான் என்று எவர் நினைப்பார்?

பேச்சிமுத்து தேய்த்தான். நார் போட்ட கீறல் ஆழமாக இருந்ததால் ஒரு நூல் கனத்துக்கு எடுக்க வேண்டியிருந்தது. எண்ணூறாம் நம்பர் முடித்துத் தண்ணீரைத் துடைத்தால், மூன்றாவது ரோஜாவை ஒட்டி ஒரு முடி. அதன் ஒரு நுனி மேல்பரப்பு வரை வந்து எட்டிப்பார்த்தது. முன்பு செய்தவன் தொப்பி போடாத சோம்பேறி என்று முடிவு கட்டினான் இவன். நுனி வெளியே வந்துவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், கட்டி உள்ளே வெளுக்கும். அதனால் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன மெஷினால் முடி போன வழியெல்லாம் தோண்டி, அதை முழுசாக எடுத்துவிட்டு, பள்ளத்தில் புது ரெசின் ஊற்றினான். பழைய கட்டி லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது. அந்த நிறத்துக்குப் பொருந்த ஊற்றுகிற ரெசினிலும் ஒரு பொட்டு மஞ்சள் கலந்தான். இறுகினபிறகு மறுபடி தேய்த்துப் பாலீஷ் ஏற்றினான். யாரும் கேட்காத வேலை, அந்த வீட்டுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று அவனாகச் செய்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். இடத்தைக் கண்டுபிடி பாப்போம் என்றான். என்னால் முடியவில்லை. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் பாண்டிராஜ் மேடத்துக்கு ஃபோன் செய்தார். மேடம் ஊரில் இல்லாததால் பேச்சிமுத்துவின் நம்பரைக் கொடுத்துவிட்டார். இவன் என் கடை வாசலில் நின்று பேசியதால் பாதி எனக்கும் கேட்டது. வேலை முடிந்தது, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றான். அந்தப் பக்கம் பாண்டிராஜ் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அண்ணே, மூணாவது ரோஜாப்பூக்கிட்ட ஒரு முடி இருக்கும்ல. இப்பத் தெளிவாத் தெரியுதாண்ணே?”

இவன் என்ன முடி என்று கேட்டிருக்கலாம். ம் என்று மட்டும் சொன்னான். அதைத் தெரியுது என்று எடுத்துக்கொண்டு பாண்டிராஜ் பேசிக்கொண்டே போனார். மாலை மாற்றி முடித்துக் கழற்றும்போது அவள் முடி மாலை நாரில் மாட்டிக்கொண்டதாம். எல்லோரும் சிரிக்க, இவர் அவசரத்தில் இழுக்க, ஒரு முடி மாலையோடு வந்துவிட்டதாம். பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகும்போது அவள் காய்ச்சலில் போய்விட்டாள். சேலை துணிமணியெல்லாம் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. அவ மேலுல இருந்து எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதாண்ணே, பாப்பாவுக்கு அதக் காட்டணும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பேச்சிமுத்து ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு விஷயம் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. எடுத்த முடி எங்கே என்று கேட்டேன். தேய்த்த தண்ணீரோடு சாக்கடையில் போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்லியிருக்க வேண்டும் நான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், அவனைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று, “ஒரு முடிதான மாப்ள? ஊர்ல முடிக்கா பஞ்சம்?” என்றேன். அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையிலேயே நான் அதை வாபஸ் வாங்கியிருக்க வேண்டும்.

மேடத்திடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அந்த நிமிடமே பாண்டிராஜுக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்கிற ஆள் அவர். அவர் மன்னிப்புக் கேட்பார், அந்த மனிதனுக்கு முடி திரும்பி வருமா என்றான் என்னிடம். எதுவும் வராது என்பது எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அவன் மனைவி முத்துமீனா தலை சீவி முடித்து அடுப்படிக்குப் போன நேரம், சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான். இதில் உள்ள தப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் உதிர்ந்த முடியை அப்படியே விடமாட்டாள். சுருட்டி, துப்பி, யார் கையிலும் சிக்காத இடத்தில் போடுவாள். செய்வினை வைக்கிறவனுக்கு ஒரு முடி போதும் என்று பயம். முத்துமீனா அதில் கெட்டி. அன்றைக்கும் சீப்பைக் காணவில்லை என்று திரும்பி வந்து, மிச்சமிருந்ததைச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறாள். ஒன்று குறைவது அவளுக்கு எப்படித் தெரியும்?

கட்டி வந்த அன்றைக்கு மேடம் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதைப் பெரிசாக்கிப் பார்த்து, அந்த முடி எங்கே ஆரம்பித்து ரோஜாவை எப்படிச் சுற்றி எங்கே முடிந்தது என்று அளவெடுத்தான். மங்கிப்போன கட்டிக்குள் அது ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. அதே வழியில் மறுபடி தோண்டி, முத்துமீனாவின் முடியை இடுக்கியால் படுக்கவைத்தான். அவளுக்குச் சுருட்டை முடி. தண்ணீரில் நனைத்து இழுத்துவிட்டால் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். மூன்று இடத்தில் ஊசியால் அழுத்திக்கொண்டே சொட்டுச் சொட்டாக ரெசின் விட்டான். இறுக இரண்டு நாள்தான் கிடைத்தது, அது போதாது. மெஷின் ஓட்டினால் இளகிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவாயிரம் நம்பர் பேப்பரும் பஞ்சுத்துணியும் வைத்துக் கையாலேயே மூன்று மணி நேரம் தேய்த்தான். நான் கடையைத் திறக்காமல் அவனுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.

பாண்டிராஜ் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கட்டியை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது ரோஜாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து, ரெம்ப நன்றிண்ணே என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு துண்டில் கட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். தப்பித்தாய் மாப்ள என்றேன் நான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பதினைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் முத்துமீனாவுக்குக் காய்ச்சல் வந்தது.

ஊரெல்லாம் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் படுத்திருந்தார்கள். ஆனால் பேச்சிமுத்துவுக்குக் கணக்கு வேறு மாதிரி ஓடியது. செத்தவள் மாலையில் உயிரோடு இருப்பவள் முடி. அதற்கு எதிரே வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி, செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்கள். அவளும் காய்ச்சலில்தான் போனாள். இவளுக்கும் காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் இறங்குகிறது, மறுநாள் ஏறுகிறது. இவன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே அவளிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் கிடந்தான். சொன்னால் காய்ச்சலைவிட அந்தப் பயமே அவளைக் கொன்றுவிடும். சொல்லாவிட்டால் இவன் செத்துவிடுவான் போலிருந்தது. பட்டறைக்கு வந்தாலும் அதே நினைப்பு. கையில் எந்தக் கட்டியை எடுத்தாலும் உள்ளே முத்துமீனா கிடக்கிற மாதிரி இருக்கிறது மருது என்று என்னிடம் அழுதான். நாற்பத்தொரு வயது ஆம்பிளை, என் கடைக்குள் காயில் கம்பிகளுக்கு நடுவில் நின்று அழுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

செய்வினை கிய்வினை எல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. அதனால் நான் சொன்னது எடுபடவில்லை.

ஒன்பதாவது நாள் முத்துமீனாவுக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். இத்தோடு இவன் சமாதானம் ஆகிவிடுவான் என்று நினைத்தேன். அவன் அதற்கு மாறாக, இது எச்சரிக்கை என்றான். அடுத்த தடவை விடாது என்றான். ஞாயிற்றுக்கிழமை பாண்டிராஜ் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது அந்தக் கட்டியை வாங்கிவந்து முடியை எடுத்துவிட வேண்டும், அந்த மனிதன் அடித்தாலும் பட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தான். சொல்லிவிட்டால் விடுபட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். நானும் சரி என்றேன். என் வண்டியில்தான் போனோம்.

ஆரப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷன். பாண்டிராஜ் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் வாங்கண்ணே என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். கூடத்து ஷெல்ஃபில் தமிழ்வாணியின் போட்டோ, பக்கத்தில் அந்தக் கட்டி. பொட்டுச் சந்தனம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். பேச்சிமுத்து அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பாண்டிராஜ் டீ போட உள்ளே போனார்.

அவர் மகள் நாலு வயதுப் பாப்பா எங்களை நோட்டம் விட்டுக்கொண்டு நின்றது. இவர்தான் பாப்பா இதைப் பளபளப்பாக்கினவர் என்று நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா என்னால்? பாப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கட்டியின் மேல் விரலை வைத்தது. சரியாக மூன்றாவது ரோஜாவின் மேல்.

“இது எங்கம்மா முடி. எங்கம்மாக்குச் சுருட்ட முடி” என்றது. அப்புறம் தன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா எனக்கு மட்டும் நேரா இருக்கு?” என்று கேட்டது.

“ஒனக்கு அப்பா முடிம்மா” என்று உள்ளேயிருந்து பாண்டிராஜ் சொன்னார். பல தடவை சொல்லிப் பழகின பதில் என்று குரலிலேயே தெரிந்தது.

பேச்சிமுத்து சமயநல்லூரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வாயிலிருந்து வரவில்லை. டீயைக் குடித்தோம். இந்தப் பக்கமாக வந்தோம், கட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போகலாம் என்று வந்தோம் என்று நான்தான் ஏதோ உளறினேன். எழுந்தோம். பாப்பா டாட்டா காட்டியது. பாண்டிராஜ் வண்டிவரை கூடவே இறங்கி வந்தார்.

சந்தில் நின்று, மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். “என் பொண்டாட்டிக்குக் கோரமுடிண்ணே. சீவாம விட்டாக்கூட நேரா நிக்கும்.”

நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வாங்கின அன்றைக்கே, அந்த வெளிச்சத்தில் பிடித்த நிமிடமே, அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. அன்றைக்குக் கண்ணில் வந்த தண்ணீர் எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

பேச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். குறை என்று நினைத்து எடுத்ததையும், சாக்கடையில் போனதையும், சீப்பிலிருந்து எடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். மன்னிப்புக் கேட்டான். கட்டியைக் கொடுங்கள், அந்த முடியை எடுத்துவிடுகிறேன், அது மட்டும் போதும் என்று கெஞ்சினான். பாண்டிராஜ் அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சண்டை போடத்தான் நினைத்ததாகவும், வீட்டுக்குப் போய் அமைதியாக யோசிக்கலாம் என்று கொண்டுபோனதாகவும், துண்டைப் பிரிப்பதற்குள் பாப்பா ஓடிவந்து இதுவா அம்மா முடி என்று கேட்டுவிட்டதாகவும் சொன்னார். ஆமா என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அதற்குமேல் அவராலும் வெளியே வர முடியவில்லை. இவன் விடுபட வந்த இடத்தில் அவர் ஏற்கெனவே அகப்பட்டுக் கிடந்தார்.

“இப்ப எடுத்துட்டீங்கன்னா நான் அவகிட்ட என்னண்ணே சொல்லுவேன்? தெனம் ஸ்கூலுக்குப் போறப்ப அதத் தொட்டுக் கும்புட்டுத்தான் போறா.”

அது இனி அங்கேதான் இருக்கும் என்பது பேச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பாண்டிராஜ் கேட்டார்.

“யாரு முடிண்ணே அது?”

“என் வீட்டுக்காரி முடி தம்பி. முத்துமீனா.”

“நல்லா இருக்காங்களா?”

“ஒம்போது நா காய்ச்ச. இப்பத் தேவல.”

பாண்டிராஜ் இவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொடுமைக்காரன் பிடிக்கிற பிடி இல்லை அது, ஆனால் விடவும் இல்லை.

“பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே. எம்மகளுக்கு ஆத்தா ஒரு தடவ செத்தது போதும்.”